முத்துமாரியைக் கொடுத்துவிட்டோம்

எங்கள் படகுக்குப் பாய் தைத்தது நெய்வேலி குவார்ட்டர்ஸ் வராந்தாவில். என் மனைவி தையல் மெஷினை வெளியே இழுத்துப் போட்டு நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தாள். மூன்று ஊசி ஒடிந்தது. எதிர்வீட்டு அக்கா அதைப் பந்தல் துணி என்று நினைத்து, "வீட்டுல விசேஷம் எதுவும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்? இங்கிருந்து கடல் ஐம்பது கிலோமீட்டர். சேத்தியாத்தோப்பு, புவனகிரி, பரங்கிப்பேட்டை தாண்டி அன்னங்கோயில் துறைக்குப் போய்ச் சேர பைக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. பதிமூன்று வருஷம் அந்த ரோட்டில் போய் வந்தோம். 2025 ஜூன் கடைசியில் படகை விற்றோம்.

"எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

சுரங்கத்தில் என் வேலை நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் பெரிய ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே நிற்கிறது. நிலக்கரி எடுக்க எடுக்க மேலே இருக்கும் பாரம் குறையும். பாரம் குறைந்தால் தண்ணீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு பீறிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய் போட்டு இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒரு நாள்கூட நிறுத்த முடியாத வேலை அது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தண்ணீரைப் பார்த்தவன் நான். ஆனால் பிறந்தது கடற்கரையில். அப்பா கட்டுமரக்காரர். அவருடைய மரம் 2004 சுனாமியில் போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் கரையில் எங்கு பார்த்தாலும் ஃபைபர் படகுதான்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் அடித்தது. கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. டவுன்ஷிப்பில் மரம் விழாத தெரு இல்லை. அந்தப் புயலில் அடிப்பக்கம் கிழிந்த இருபத்திரண்டு அடிப் படகு ஒன்று அன்னங்கோயிலில் கவிழ்ந்து கிடந்தது. 2012-ல் அதை வாங்கி, கண்ணாடியிழை ஒட்டி, ரெசின் பூசி, 9.9 குதிரைத்திறன் எஞ்சின் மாட்டினோம். முத்துமாரி என்று பெயர் எழுதினோம். வாரநாட்களில் மனைவியின் தம்பி தொழிலுக்குக் கொண்டுபோவான். வார லீவில் படகு எங்கள் இரண்டு பேருக்கு.

எங்கள் கரையில் பெண்கள் மீன் விற்பார்கள், கருவாடு காயப்போடுவார்கள், சீட்டும் கடனும் அவர்கள் கையில்தான் இருக்கும். படகில் மட்டும் ஏற மாட்டார்கள். என் மனைவி முதல்முறை ஏறிய அன்று பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் வளர்ந்த வழக்கம் அது. ஆனால் வழக்கம் மாறத்தான் வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கேரளத்தில் சாவக்காடு பக்கத்து ரேகா, கணவர் கார்த்திகேயனுக்குக் கூட வர ஆள் இல்லாதபோது தானே படகேறியவர். ஆழ்கடல் மீன்பிடி உரிமம் பெற்ற நாட்டின் முதல் பெண் என்று 2017-ல் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவரைப் பாராட்டியது. அந்தச் செய்தியை என் மனைவி வெட்டி எடுத்து பீரோ கதவில் ஒட்டிவைத்தாள்.

எஞ்சின் இருக்கும்போது பாய் எதற்கு என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். பெட்ரோல் செலவு ஒரு காரணம். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கரை சேர வேறு வழி வேண்டும் என்பது இன்னொன்று. உண்மையான காரணம், எஞ்சினை நிறுத்திப் பாய் விரித்ததும் வரும் அந்த அமைதி. படகின் முன்பக்கமான அணியத்தில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்காது.

பாயில் ஓடுவது பார்ப்பதற்கு எளிது. காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தால் குழந்தையும் ஓட்டும். எதிர்க்காற்றில்தான் வித்தை. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே போகாது. காற்று வரும் திசைக்குப் பாதி செங்கோணம் சாய்த்து ஒரு பக்கம் ஓடி, திருப்பி, மறுபக்கம் ஓடி, அப்படியே வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். அடி தட்டையான ஃபைபர் படகோ பக்கவாட்டில் வழுக்கும். அதைத் தடுக்க ஓரத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடிக்க வேண்டும். எங்கள் பலகை தானேயில் விழுந்த பண்ருட்டிப் பலா மரத்தில் அறுத்தது. பதிமூன்று வருஷ உப்புத் தண்ணீரில் அதன் மஞ்சள் நிறம் கறுத்ததே தவிர ஒரு வெடிப்பு விடவில்லை.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடையும் மழையும். அப்போது படகைக் கரையேற்றிவிடுவோம். தை பிறந்தால் கடல் அடங்கும். தையிலிருந்து சித்திரை வரைதான் எங்கள் பருவம். கடைசிப் பருவம் என்று தெரியாமலே 2025 பிப்ரவரியில் எங்கள் ஆகப் பெரிய பயணத்துக்குக் கிளம்பினோம். அன்னங்கோயிலிலிருந்து தரங்கம்பாடி வரை, கரையோரமாகவே.

விடியற்காலை நான்கு மணிக்குக் கரைக்காற்றில் வெளியே வந்தோம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு வலப்பக்கம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. வெயில் ஏறியதும் கொண்டல் எடுத்தது. எங்கள் கரை வடக்கு தெற்காக ஓடுவது. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் படகின் விலாவில் அடிக்கும். போவதற்கும் வருவதற்கும் ஒரே காற்று உதவும். ஆனால் அதே காற்று படகைக் கரைப்பக்கமே தள்ளும், அசந்தால் அலை உடையும் இடத்தில் கொண்டுபோய்ப் போடும். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் நிறம் மாறியதை மனைவிதான் முதலில் பார்த்தாள். அன்று இரவு பழையாறில் தங்கினோம். பிப்ரவரி 15, சனிக்கிழமை. அதே நாளில் புதுச்சேரிப் பெண் லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டு தில்னாவும் கடற்படையின் 56 அடி பாய்மரப் படகு தாரிணியில் உலகைச் சுற்றும் வழியில் தென்னமெரிக்க முனையான கேப் ஹார்னைக் கடந்தார்கள். பிறகு செய்தியில் தேதியைப் பார்த்தபோது என் மனைவிக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நாம பழையாத்துல குழம்பு வச்சிக்கிட்டு இருந்தோமே, அன்னைக்குத்தான்!" என்றாள்.

பூம்புகார் தாண்டி, 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கண்ணில் பட்டபோது பாயை இறக்கினோம். அங்கே ஒரு ராத்திரி. பிறகு திரும்பினோம்.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. அன்னங்கோயிலுக்குள் நுழையும் வெள்ளாற்று முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். வழி மாதத்துக்கு மாதம் இடம் மாறும். மணல் திட்டின் மேல் அலை உடையும். இரண்டு உடைப்புக்கு நடுவில் அமைதியான தண்ணீர்ச் சந்து ஒன்று இருக்கும். அதைப் பார்த்து நுழைய வேண்டும். எப்போதும் மனைவி அணியத்தில் நின்று கையைக் காட்டுவாள், நான் பின்னால் சுக்கான் பிடிப்பேன். அன்று அவள் கையை உயர்த்தத் தாமதமானது. படகு குறுக்கே திரும்பிவிட்டது. முதல் அலை உள்ளே விழுந்தது. இரண்டாவது அலை எஞ்சினை அணைத்தது. முழங்கால் வரை தண்ணீர். நான் எழுந்து பாய் கட்டிய பருமலைத் தூக்கப் போனால் இடது முழங்கால் எழவில்லை. உண்மையில் எழவில்லை. அவள்தான் தட்டுத்தடுமாறி வந்து கயிற்றை இழுத்தாள். பாதி ஏறிய பாயில் காற்றுப் பிடித்து, படகு நிமிர்ந்து, ஆற்றுக்குள் நுழைந்தது. இரண்டு பேரும் மிதவைச் சட்டை போட்டிருந்தோம். அதைக் கழற்றாமல் கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"அலை தெரியலங்க. வெளிச்சமா இருந்துச்சு, அலை தெரியல" என்றாள்.

கண்ணில் புரை. மார்ச்சில் அறுவை சிகிச்சை ஆயிற்று. என் முழங்காலுக்கு அப்படி ஒரு நாளில் தீரும் வைத்தியம் இல்லை.

அதற்குப் பிறகு நான்கு வாரம் அன்னங்கோயில் போனோம். படகைத் துடைத்தோம், எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம், ஏறவில்லை. மே 29 அன்று தாரிணி கோவா வந்து சேர்ந்ததை டி.வி.யில் காட்டினார்கள். 2024 அக்டோபர் 2-ல் கிளம்பியவர்கள், ஏறக்குறைய எட்டு மாதம் கழித்து நம் மண்ணில் கால் வைத்தார்கள். வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டியில் இருந்தது. ஜூன் 30-ல் எனக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நெய்வேலியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த சங்கடம் இது. நாம் வைத்த மாமரம் காய்க்கும், வீடு நம்முடையது இல்லை.

"வீட்டுச் சாவியோட படகுச் சாவியையும் குடுத்துருவோம்ங்க" என்றாள்.

"தம்பிகிட்டயே வச்சிருக்கச் சொல்லலாமே" என்றேன்.

"அவன் பெரிய படகுல பங்கு சேந்துட்டான். இதைத் தொட மாட்டான். கவுத்துப் போட்டா ரெண்டு வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது."

அவள் சொன்னது சரி. படகு ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கெடுவது அதிகம். வெயிலில் மேல்பூச்சு வெளுத்து மாவாக உதிரும். வெடிப்பு வழியே ஈரம் இறங்கி, கண்ணாடியிழையும் ரெசினும் பிரியும். எஞ்சினுக்குள் குளிர்நீர் போகும் வழியில் உப்புக் கட்டி அடைக்கும். தொட்டியில் நின்ற பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரில் ஒட்டும். எங்கள் துறையிலேயே அப்படிக் கிடக்கும் படகுகள் ஐந்தாறு எண்ணலாம். அவற்றின் சொந்தக்காரர்கள் யாரும் ஆசையில்லாதவர்கள் அல்ல. ஆசை இருந்ததால்தான் விற்கவில்லை.

விற்ற நேரம் தப்பு என்று தொழில் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது, நாட்டுப்படகும் ஃபைபரும் போகலாம். மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அப்போது சின்னப் படகு தேடி வருவார்கள். தடை முடிந்த பிறகு நாங்கள் விலை சொன்னோம். மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு எஞ்சின் மட்டும் போதும். இன்னொருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டல் நடத்துபவர். வாசலில் நிறுத்தி விளக்குப் போட, மற்றவர்களைவிடப் பத்தாயிரம் அதிகம் தருவதாகச் சொன்னார். மூன்றாவது, முடசல்ஓடைப் பையன். இருபத்தைந்து வயதுக்குள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம், இரண்டு தவணையில். அவன் பலாப் பலகையைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, பாயும் சேர்த்துத்தானே?" என்றான். மனைவி என்னைப் பார்த்தாள். ஓட்டல்காரருக்கு அன்று சாயங்காலமே போன் செய்து இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரும் மீன்வளத் துறை அலுவலகம் போய்ப் பதிவுச் சான்றில் பெயர் மாற்ற மனுக் கொடுத்தோம். வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "பேரை அழிச்சிடுவானோ?"

அவளுக்கு அன்னபூரணி கதையைச் சொன்னேன். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு வருஷா வருஷம் போய்க் கடல் புத்தகமாகத் தேடி வாங்கியதில் சேர்த்த சங்கதி அது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் முப்பத்திரண்டு அடி 'ஸ்வாப்' படகில் 1928-லிருந்து 1931-க்குள் உலகைச் சுற்றியவர். கல்யாணமானதும் மனைவி புளோரன்ஸோடு அதே படகில் கலாபகஸ் தீவுகளுக்குப் போனார். 1934-ல் அங்கே அவருக்குக் குடல்வால் வெடித்து உயிர் பிழைத்ததே பெரிது என்றாயிற்று. படகைத் தீவிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அது மறுபடி கைக்கு வரவில்லை. சில வருஷம் கழித்து அவர் வாங்கிய கப்பல், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டிய 89 அடி 'அன்னபூரணி'. பெயரை மனைவியின் பெயராக மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐந்து பேர் அதில் வேலை பார்த்தார்கள். சூயஸ் வழியாக, மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக்கும் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விற்காமல் இருந்திருந்தால் நம் ஊர்ப் பக்கத்துச் சரக்கோடு முடிந்திருக்கும் அந்தக் கப்பலின் ஆயுள்.

எரிக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயத் தம்பதியையும் சொன்னேன். 30 அடி 'வாண்டரர் 3'-ல் 1952 முதல் 1955 வரை உலகைச் சுற்றினார்கள், பிறகு மீண்டும் ஒரு தடவை. பெரிய படகுக்கு மாறும்போது அதை விற்றார்கள். 1981-ல் அது ஒரு ஜெர்மானியர் கைக்கு வந்தது. அவரும் மனைவியும் பல பத்தாண்டுகள் அதிலேயே வாழ்ந்து, தென்கோடிக் கடல்கள் வரை போனார்கள். படகை விற்பதைத் துக்கமாக நினைக்கக் கூடாது என்று எனக்குப் புரிய வைத்தவை இந்த இரண்டும்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பேரை மாத்துனா மாத்தட்டும்" என்றாள். அன்று சாயங்காலம் தண்ணீர் இறைக்கும் பிளாஸ்டிக் வாளி, நங்கூரக் கயிறு, வடலூர் பழைய இரும்புக் கடையில் வாங்கிப் படகோரத்தில் கட்டியிருந்த கன்வேயர் பெல்ட் துண்டுகள் எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்தோம். பாயை அவளே மடித்துக் கொடுத்தாள். எந்த மூலையில் தையல் பலவீனம் என்று விரல் வைத்துக் காட்டிக் கொடுத்தாள்.

இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டாம் தவணை சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. கரையில் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்னொரு வாடையை அது தாங்கும் என்று நினைக்காதீர்கள். ஐப்பசிக்கு முன்னால் ஓட்டுகிற ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். பத்தாயிரம் குறைந்தாலும் கொடுங்கள்.