ஒரு கோபுரம்... நாலு லீவு லெட்டர்!

"அதே கோயிலை எத்தனை தடவைய்யா போட்டோ எடுப்பே?" - வருஷத்துக்கு நாலு முறை நான் லீவு லெட்டர் நீட்டும்போதெல்லாம் ஆபீஸில் கேட்கிறார்கள். மெஞ்ஞானபுரத்தைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டார்கள்!

திருச்செந்தூர்ப் பக்கம் செக்கச்செவேல் என்று தேரிக்காடு. திரும்பின பக்கமெல்லாம் பனை. அதற்கு நடுவே 192 அடி உயரத்துக்கு, ஊசி மாதிரி ஒரு கோபுரம்! ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் கட்டிய தூய பவுல் ஆலயம். ஏதோ லண்டன் காலண்டரில் இருந்து கத்தரித்து ஒட்டின மாதிரி நிற்கும். கீழே நம்ம ஆள் ஒருத்தர் கருப்பட்டிச் சிப்பத்தை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார். இரண்டும் ஒரே ஃபிரேமில் விழணும்... அதுக்குத்தான் லீவு.

தை மாசக் காலை வெயில் சாய்வாக விழும். சுவரின் மேடு பள்ளமெல்லாம் நிழல் கட்டித் துல்லியமாகத் தெரியும். சித்திரையில் பத்து மணிக்கு மேல் கேமராவை மூடிவிட்டுப் பதநீர் குடிப்பதுதான் கலைச்சேவை!

ஆடிதான் ஆட்டம். காற்று கிளம்பினால் தேரி மண் எழும்பி, வானமே காவி கட்டிக்கொள்ளும். மண்ணில் இரும்பு ஆக்ஸைடு கலந்திருப்பதால் வந்த சிவப்பு. அந்த நேரம் லென்ஸைக் கழற்றினீர்களோ, கதை முடிந்தது. பாலிதீன் பையில் ஓட்டை போட்டு, லென்ஸின் மூக்கை மட்டும் வெளியே நீட்டி எடுப்பேன். ஐப்பசியில் மழை விட்ட முதல் அரை மணி நேரம் இருக்கிறதே... ரோட்டுப் பள்ளத் தண்ணீரில் கோபுரம் தலைகீழாக நிற்கும். பள்ளத்தை மூடாத புண்ணியவான் வாழ்க!

ஒரு விஷயம். பக்கத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் மல்லாக்கச் சாயும். பின்னால் போங்க ஸார், அரை கிலோ மீட்டர் போங்க. பனை தானாக ஃபிரேமுக்குள் வரும்.

இடையன்குடிக்கும் போவேன். 1856-ல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட அதே கால்டுவெல் அங்கே கட்டிய ஆலயம், 1847-ல் தொடங்கி 1880-ல் முடிந்தது. 33 வருஷம்! நம்ம ஊர் மேம்பாலங்களை இனி திட்டமாட்டேன். மணப்பாட்டில் கடலோர மணல் குன்று மேல் 1581-ம் வருஷத்துத் திருச்சிலுவை ஆலயம். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிப் போனால் படத்தில் தலைகள்தான் விழும்.

ஆனால், திரும்பத் திரும்ப இழுப்பது மெஞ்ஞானபுரம்தான். என் முதல் படத்தில் கோபுரத்துக்கு இடப்பக்கம் பதினோரு பனை. கடைசியாக எடுத்ததில் நாலு! பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. அதற்கு முன்னாலேயே அந்த ஏழும் போயாச்சு.

அங்கே பனையேறும் பெரியவர் ஒருத்தர் என்னைப் பார்த்ததும் சிரிப்பார். "என்ன தம்பி, போன வருசம் எடுத்தது சரியா விழலியோ?"

போன தடவை சிரிக்கவில்லை. "கோயில் எங்க போவப் போவுது? பனைய எடுத்து வச்சிக்கிடுங்க. நம்ம பயலுவ ஒருத்தனும் ஏற மாட்டேங்கான். எனக்கும் முட்டு ஒத்துழைக்கல. வார பங்குனியோட நிறுத்திருவேன். உச்சியில இருக்கையில ஒரு படம் புடிங்க. ஆனா ஒண்ணு... கோயிலவிட நான் உசரமா தெரியணும்!"

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பனையடியில் மண்ணோடு மண்ணாகப் படுத்து எடுத்தால், 192 அடியும் அவர் இடுப்புக்குக் கீழேதான்!