கரட்டு முயலும் கோம்பை நாயும்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் கடந்து மலையடிவாரத்தை நெருங்க நெருங்க, நிலம் வறண்டு, முட்புதர் மண்டிய கரடுகளாகவும் மானாவாரிக் காடுகளாகவும் மாறுகிறது. பகலெல்லாம் புல் மறைவில் உடலை ஒடுக்கிக் கிடந்து, இருட்டிய பின் கடலைக் கொல்லைக்கும் புல்வெளிக்கும் இரை தேடி வரும் காட்டுமுயலுக்கு உரிய வாழிடம் இதுவே.

பிடரியில் கருந்திட்டும் வாலின் மேற்புறத்தில் கருமையும் கொண்ட இம்முயலை விலங்கியலார் ‘லீப்பஸ் நைக்ரிகோலிஸ்’ என்பர். கூண்டில் வளர்க்கப்படும் வெள்ளை முயல் இதற்குத் தூரத்து உறவே. வளர்ப்பு முயலின் மூதாதையர் வளை தோண்டி வாழ்பவை. அவற்றின் குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கின்றன. காட்டுமுயலோ வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் மயிரடர்ந்து, கண் விழித்தே பிறக்கின்றன. ஒளிந்துகொள்ள வளை இல்லாத இவ்விலங்குக்கு அசையாதிருத்தலும், அது பலிக்காதபோது நீண்ட பின்னங்கால்களை நம்பி வெட்டவெளியில் பாய்ந்தோடுவதுமே தற்காப்பு.

முயல் ஓடும் விதமே அதைத் துரத்தும் நாயின் இனத்தையும் முடிவு செய்திருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய பஞ்சுவால் முயல்கள், அதாவது வாலின் அடிப்புறம் வெண்பஞ்சாகத் தெரியும் ‘சில்விலேகஸ்’ இனங்கள், சிறிய எல்லைக்குள் வாழ்பவை. துரத்தப்பட்டால் பெரும்பாலும் ஒரு வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புபவை. ஆகவே அங்கு வேகம் குறைந்த, ஆனால் மோப்பத்தில் தேர்ந்த பீகிள் நாய் குரைத்துக்கொண்டே தடத்தைத் தொடர, வேட்டைக்காரர் துப்பாக்கியுடன் நின்ற இடத்திலேயே காத்திருக்கிறார். தமிழகத்தின் தென்மாவட்ட வெளிகளில் அந்த உத்தி போதாது. ஒடுங்கிய இடுப்பும் ஆழ்ந்த மார்பும் கொண்ட சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாய்கள், மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி, முயலின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடுவதற்காகவே வளர்க்கப்பட்டன.

நாய் கொண்டு முயல் பிடிக்கும் வழக்கம் தமிழ் நிலத்தில் மிகப் பழையது. வேட்டுவர் வேலிபோல் வலையை மாட்டி, நாய்களால் புதர்களைக் கலைத்து, முயலைத் தப்பவிடாமல் வளைக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகவே சித்திரிக்கிறது. அங்கு நாயின் வேலை ஓடிப் பிடிப்பதன்று, மறைவிலிருந்து வெளியேற்றுவது. அவ்வகையில் அது பீகிளின் வேலைக்கே நெருக்கமானது.

உத்தமபாளையம் வட்டத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய நாய் இவ்விரண்டிலும் சேராதது. செவலை நிறமும் கருத்த முகமும் திரண்ட உடலும் கொண்ட இந்நாய், காட்டுப்பன்றி போன்ற முரட்டு விலங்கை மறித்து நிற்பதற்கும், வீட்டையும் தோட்டத்தையும் காப்பதற்கும் பெயர் பெற்றது. எனவே கோம்பை நாயின் பெருமையை முயல் வேட்டையோடு பிணைத்துப் பேசுவது அந்த நாய்க்கே பொருந்தாத புகழ்ச்சியாகும்.

வேட்டை இன்று சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்தது. கொல்வதை மட்டுமன்றி, துரத்துவதையும், கண்ணி வைப்பதையும், கலைத்து ஓட்டுவதையும், இவற்றுக்கான முயற்சியையும்கூடச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. ஆகவே முயல் சிக்கவில்லை, நாய் ஓடிப் பார்த்தது மட்டுமே என்ற சமாதானம் செல்லாது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் இப்பள்ளத்தாக்கை ஒட்டியே இருப்பதால் இது மேலும் கவனத்துக்குரியது; நரிக்கும் சிறுத்தைக்கும் கரட்டு முயல் இரையாகும் நிலத்தில், மனிதர் அதில் பங்கு கேட்பது நியாயமன்று.

வேட்டை எண்ணமே இல்லாத வீடுகளிலும் ஒரு கவனம் தேவைப்படுகிறது. தாய்முயல் குட்டிகளைப் புல் மறைவில் விட்டுவிட்டு, பாலூட்டும் சிறிது நேரத்துக்கு மட்டுமே அவற்றிடம் வருகிறது. ஓடத் திறனில்லாத அப்பருவத்தில் அசையாமல் கிடப்பது மனிதக் கண்ணை ஏமாற்றலாம், நாயின் மூக்கை ஏமாற்றுவது கடினம். கரட்டை ஒட்டிய தோட்டங்களில் காவல் நாயை இரவில் அவிழ்த்துவிடுவோர் அதை வேலிக்குள்ளேயே நிறுத்திக்கொண்டால், காவலும் கெடாது, குட்டிகளும் பிழைக்கும்.