மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சியும் அதை இனங்காணும் முறையும்

சேலம், நாமக்கல், தர்மபுரி, கள்ளக்குறிச்சி முதலிய ஜில்லாக்களில் மரவள்ளி சாகுபடியை நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் ஏராளம். மழை குறைந்த மேட்டு நிலத்திலும் ஓரளவு பலன் தருவதாலும், கிழங்கை ஜவ்வரிசியாகவும் மாவாகவும் ஆக்கும் ஆலைகள் அருகிலேயே இருப்பதாலும் குடியானவர்கள் இப்பயிரை விரும்புகின்றனர். ஆலைக்காரர்களும் 1981-ம் வருஷத்தில் சேலத்தில் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்திக்கொண்டு, அதன் மூலம் தங்கள் சரக்கை விற்பனை செய்து வருகின்றனர். ஆகையால் மரவள்ளிக்கு ஒரு கேடு வருமாயின், அது நிலச் சொந்தக்காரரை மாத்திரம் பாதிப்பதன்று. கிழங்கு பிடுங்கும் கூலியாள், ஆலைத் தொழிலாளி, பயிர்க்கடன் கொடுத்த சங்கம் ஆகிய யாவரையும் பாதிப்பதாகும்.

அத்தகைய கேடு ஒன்று சமீப வருஷங்களில் வந்துள்ளது. செடியின் கொழுந்தில் அரிசி மாவைத் தூவினாற்போல் வெள்ளையாகப் படியும் மாவுப்பூச்சியே அது. இதைக் கண்டவுடன் பலர் செய்வது என்ன? மருந்துக் கடைக்குச் சென்று, "வெள்ளைப் பூச்சிக்கு மருந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்து தெளிப்பதேயாகும். பூச்சியின் மேலுள்ள மெழுகுப் படலத்தை மருந்து எளிதில் ஊடுருவுவதில்லை. அதைத் தின்று வாழும் பொறிவண்டுகளும் சிறு குளவிகளுமோ மருந்துக்கு முதலில் இரையாகின்றன. காவலாளிகள் மடிந்தபின் பூச்சி முன்னிலும் பெருகுகிறது. மறுபடியும் மருந்து, மறுபடியும் செலவு. பத்து மாதப் பயிர் முடியும் தறுவாயில் கிழங்கும் சிறுத்து, கடன் தவணையும் தவறுகிறது.

இத்துன்பத்திற்கு மூலகாரணம் மருந்தின் குறையன்று. வந்திருக்கும் பூச்சி இன்னது என்று அறியாமல் காரியத்தில் இறங்குவதே காரணம். நோய்நாடாமல் வைத்தியம் செய்வது மனிதருக்கு எவ்வளவு தீங்கோ, பயிருக்கும் அவ்வளவு தீங்கு.

வெளுத்ததெல்லாம் பாலன்று

மரவள்ளியில் காணப்படும் மாவுப்பூச்சிகளில் முக்கியமானவை இரண்டு. இவ்விரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. பார்வைக்கு இரண்டும் வெள்ளை. ஆனால் இரண்டும் வேறு வேறு ஜாதி.

முதலாவது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்ஸிகோ பிரதேசத்தைச் சேர்ந்த இது, 2008-ம் வருஷத்தில் கோயமுத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பல பயிர்களைத் தாக்கி, பட்டுப்புழு வளர்ப்போரையும் பெரிதும் கஷ்டத்திற்குள்ளாக்கியது. இதை நசுக்கினால் மஞ்சள் நீர் வரும். ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் உடல் கறுத்துவிடும்.

இரண்டாவது மரவள்ளி மாவுப்பூச்சி. இதன் தாயகம் தென் அமெரிக்கா. 2020-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கேரளத்திலுள்ள திருச்சூரில் இது இருப்பது கண்டறியப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளிலும் பரவியது. இதன் உடல் இளஞ்சிவப்பு நிறமுடையது. இது தாக்கிய செடியில் கணுக்களுக்கு இடையேயுள்ள தூரம் குறுகும். தண்டு முறுக்கிக்கொள்ளும். நுனி இலைகள் சுருண்டு கொத்தாகக் குவிந்துவிடும். இப்பூச்சியில் ஆண் இனமே கிடையாது. பெண் பூச்சி இணை சேராமலே சில நூறு முட்டைகளை இடும். ஆகையால் விதைக்குச்சியில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு பூச்சி வந்தாலும் ஒரு காடு முழுவதும் பரவுவதற்கு அது போதும்.

இவ்வேற்றுமையை அறிவதால் என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கலாம். ஒரு பூச்சியை அடக்கும் எதிரி மற்றொரு பூச்சியைத் திரும்பியும் பாராது என்பதே அதற்கு விடை. இதை விளக்க இரண்டு பழைய வரலாறுகள் உதவும்.

சப்பாத்திக்கள்ளி அழிந்த விதம்

சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் என்னும் பூச்சியை இந்தியாவில் வளர்த்து லாபம் பெற வேண்டுமென்று கும்பினியார் ஆசைப்பட்டனர். அப்பூச்சிக்கு உணவு சப்பாத்திக்கள்ளி. 1795-ம் வருஷத்தில் பிரேஸில் தேசத்திலிருந்து ஒரு பூச்சி கொண்டுவரப்பட்டது. அதுவே உயர்ந்த சாயப்பூச்சி என்று நினைத்தனர். உண்மையில் அது சாயத்திற்கு உதவாத வேறொரு ஜாதி. சாய வியாபாரம் பலிக்கவில்லை. ஆனால் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியை அடியோடு தின்று தீர்த்தது. அதைக் கண்டு, 1836 முதல் 1838 வரையுள்ள காலத்தில் தென்னிந்தியாவிலும் அதைப் பரப்பி, அவ்வகைக் கள்ளியை ஒழித்தனர்.

ஆயினும் தென்னாட்டில் மற்றொரு வகைச் சப்பாத்திக்கள்ளி புதராக மண்டி மேய்ச்சல் நிலங்களையும் புஞ்சைகளையும் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டும் கள்ளிதான், இரண்டுக்கும் முள் உண்டு. எனினும் பழைய பூச்சி இதைத் தொடவில்லை. இந்தக் கள்ளியைத் தின்னும் வேறு ஜாதிப் பூச்சி ஒன்று 1926-ம் வருஷத்தில் இலங்கையிலிருந்து வருவிக்கப்பட்டது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அப்பூச்சி ஐந்தாறு வருஷங்களுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் நிலத்திலிருந்து கள்ளியை அகற்றியது. கூலியாட்கள் வெட்டியும் எரித்தும் தீராத புதரை, உரிய எதிரி வந்தபின் ஒரு சிறு பூச்சி தீர்த்துவைத்தது. கள்ளியின் ஜாதியையும் பூச்சியின் ஜாதியையும் சரியாகப் பிரித்தறிந்ததே இவ்வெற்றியின் இரகசியம்.

ஆப்பிரிக்காவில் நேர்ந்தது

மரவள்ளி ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான ஏழைகளின் அன்றாட உணவு. 1970-ஐ அடுத்த வருஷங்களில் காங்கோ நதிப் பிரதேசத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தோன்றி, நாட்டுக்கு நாடு பரவியது. சில இடங்களில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை கிழங்கு நஷ்டமாயிற்று. மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடியாதலால், பூச்சியும் அங்கிருந்தே வந்திருக்கும், அதன் எதிரியும் அங்கேயே இருக்கும் என்று விஞ்ஞானிகள் ஊகித்தனர். தேடியபோது தென் அமெரிக்காவின் வட பகுதியில் மரவள்ளியின்மேல் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் எதிரிகளைக் கொண்டுவந்து பார்த்தனர். அவை ஆப்பிரிக்கப் பூச்சியிடம் நிலைபெறவில்லை.

காரணம் யாது? மறுபடியும் நுணுக்கமாக ஆராய்ந்தபோது, வடபகுதிப் பூச்சியில் ஆணும் பெண்ணும் இருப்பதும், ஆப்பிரிக்கப் பூச்சியில் பெண் மாத்திரமே இருப்பதும் தெளிவாயின. இரண்டும் வெவ்வேறு ஜாதி என்று அதன்பின் முடிவாயிற்று. மேலும் தெற்கே தேடியதில், 1981-ம் வருஷத்தில் பராகுவே தேசத்தில் பெல்லாட்டி என்னும் விஞ்ஞானி உண்மையான மரவள்ளி மாவுப்பூச்சியைக் கண்டார். அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் ஒரு சிறு குளவியும் அங்கே அகப்பட்டது. அது இங்கிலாந்தில் தனி அறைகளில் அடைத்துப் பரிசோதிக்கப்பட்ட பிறகே நைஜீரியாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே 1981-ம் வருஷக் கடைசியில் அதை வயலில் விட்டார்கள். பின்னர் ஆப்பிரிக்காவின் மரவள்ளி விளையும் நாடுகள் பலவற்றிலும் அது பரவி, பூச்சியை அடக்கியது. அவ்வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995-ம் வருஷத்தில் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது.

நம் நாட்டில் நடந்தவை

பப்பாளி மாவுப்பூச்சிக்கு எதிரியான மூன்று வகைக் குளவிகள் 2010-ம் வருஷத்தில் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து பெங்களூருக்கு வருவிக்கப்பட்டன. பரிசோதனைக்குப் பிறகு அவ்வருஷமே தமிழ்நாட்டில் விடப்பட்டன. அவற்றுள் ஒன்று மிக நன்றாக வேலை செய்து, குறுகிய காலத்தில் பூச்சியை அடக்கிற்று.

மரவள்ளி மாவுப்பூச்சி வந்தபோதோ அக்குளவிகள் உதவவில்லை. ஆகவே ஆப்பிரிக்காவில் வெற்றி கண்ட குளவியே 2021-ம் வருஷத்தில் பெனின் தேசத்திலிருந்து வருவிக்கப்பட்டது. பெங்களூரில் ஆராய்ச்சி முடிந்தபின், 2022-ம் வருஷம் மார்ச் மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதை வயலில் விடும் வேலை தொடங்கிற்று. இக்குளவி எள்ளளவே இருக்கும், மனிதரைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சுப்புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்னும். பூச்சி உப்பி, பழுப்பு நிறமாகிக் கூடுபோல் கெட்டிப்பட்டுவிடும். பிறகு புதிய குளவி அக்கூட்டில் வட்டமாக ஒரு துளையிட்டு வெளிவரும்.

காட்டில் கணக்கெடுக்கும் முறை

விஞ்ஞானிகள் குளவியைத் தரலாம். அக்குளவி எந்தக் காட்டில் தேவை, விட்டபின் நிலைத்ததா, பூச்சி எந்தத் திசையிலிருந்து பரவுகிறது என்பவற்றை நாள்தோறும் காட்டுக்குச் செல்லும் குடியானவரே முதலில் காண முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், இருக்குமானால் ஒரு பூதக்கண்ணாடி இவையே போதும்.

(1) வாரத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு, அந்நாளில் தவறாமல் பார்க்கவேண்டும். நினைத்தபோது பார்ப்பது கணக்காகாது.

(2) காட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து இடங்களில், ஒவ்வோர் இடத்துக்கும் இருபது செடி வீதம் நூறு செடிகளின் நுனியைப் பார்க்கவேண்டும். வரப்போரச் செடியை மாத்திரம் பார்த்துவிட்டுக் காடு முழுவதற்கும் தீர்ப்புக் கூறலாகாது.

(3) பூச்சி உள்ள செடிகள் எத்தனை, அவற்றுள் துளையுள்ள பழுப்புக் கூடு காணப்பட்டவை எத்தனை, எறும்பு ஏறியவை எத்தனை என்று தனித்தனியே எழுதவேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்துக் குளவியை விரட்டும். ஆதலால் எறும்பின் கணக்கும் அவசியம்.

(4) அந்த வாரத்தில் மழை பெய்ததா என்பதையும் குறிக்கவேண்டும். மழையில் பூச்சி குறையும், வறட்சியில் பெருகும். மழையால் குறைந்ததை மருந்தால் குறைந்ததென்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

(5) புதிய பூச்சி தென்பட்டால் அதைச் சிறு புட்டியில் ஸ்பிரிட்டில் இட்டு, ஊர், தேதி, பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திற்கோ வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ அனுப்பவேண்டும்.

இக்கணக்கு எவ்வாறு உதவும் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டலாம். ஒருவர் காட்டில் முதல் வாரம் நூற்றுக்கு எட்டுச் செடியிலும், நான்காம் வாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு செடியிலும் பூச்சி காணப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பூச்சிக் கணக்கை மட்டும் பார்த்தால் மருந்தடிக்கத் தோன்றும். ஆனால் முதல் வாரம் ஒரு செடியிலும் இல்லாத பழுப்புக் கூடு நான்காம் வாரம் ஒன்பது செடிகளில் இருக்குமாயின், குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது மருந்தடிப்பது தன் காவலாளியைத் தானே கொல்வதாகும். கூடு ஒன்றுகூடக் காணாமல் பூச்சி மாத்திரம் வாரந்தோறும் ஏறுமாயின், தாமதியாமல் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் சொல்லிக் குளவி கேட்கவேண்டும். இவ்விரு நிலைமைகளையும் தூரத்திலிருந்து பார்ப்பவர் பிரித்தறிய முடியாது. எண்ணிப் பார்த்தவரே அறிவார்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

பூச்சி வேலி வரப்பு அறியாது. ஒருவர் கணக்கெடுத்து, அண்டைக் காட்டுக்காரர் எடுக்காவிட்டால் பலன் பாதியே. ஆகையால் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இவ்விஷயத்தில் முன்வருதல் பொருத்தமாகும். மரவள்ளிக்குக் கடன் பெறும் அங்கத்தினர்கள் வாரக் கணக்கைச் சங்கத்தில் தெரிவிக்கும்படி செய்யலாம். செயலாளர் அவற்றை ஒரே தாளில் திரட்டி எழுதினால், பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்பது ஊரார் யாவருக்கும் விளங்கும். சங்கத்திற்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைப்பது பெரிய செலவன்று.

இவை யாவற்றினும் முக்கியமானது விதைக்குச்சி விஷயம். பூச்சி தூரதேசம் கடப்பது பெரும்பாலும் குச்சியோடுதான். வெளியூரிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதென்று பரிசோதியாமல் குச்சி வாங்கி நடுவது, பணம் கொடுத்துப் பகையை அழைத்து வருவதற்கு ஒப்பாகும். பூச்சியில்லாத காட்டிலிருந்தே குச்சி எடுக்கவேண்டும். வாங்கிய குச்சியைச் சங்கத்தில் நாலுபேர் பார்வையிட்ட பின்பே பங்கிட்டுக்கொள்வது நலம். பூச்சி பற்றிய நுனிகளைக் கிள்ளிச் சாக்கிலிட்டுக் கொண்டுபோய் எரிக்கவேண்டும். ஆனால் பழுப்புக் கூடு உள்ள நுனிகளை எரிக்காமல் காட்டிலேயே விட்டுவைக்கவேண்டும்.

1795-ம் வருஷத்தில் பெயர் தெரியாமல் ஒரு பூச்சி வந்தது. உரிய பூச்சி வந்து கள்ளி தீர்வதற்கு நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. மரவள்ளி மாவுப்பூச்சி திருச்சூரில் தென்பட்டதற்கும் குளவி ஏத்தாப்பூரில் விடப்பட்டதற்கும் இடையே கழிந்தவை இரண்டு வருஷங்களே. வந்தது இன்ன பூச்சி என்று உடனே அறியப்பட்டதாலும், அதன் எதிரி முன்னரே தேடிக் கண்டுபிடிக்கப்பட்டிருந்ததாலுமே இது சாத்தியமாயிற்று. நாளை வேறொரு பூச்சி வரலாம். அதை முதலில் காணப்போவது ஏதோ ஒரு காட்டில், ஏதோ ஒரு குடியானவரின் கண்களே. அவர் அன்று மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் புட்டியில் எடுத்து அனுப்புவாரானால், அவருடைய பயிர் மட்டுமன்றி அந்த ஜில்லாவின் பயிரே பிழைக்கக்கூடும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்க ஒவ்வொரு கிராமத்தாரும் முன்வருவார்களாக.