மூலையில் ஒரு செங்காந்தள்

வாசலோரம் நாலடி மண் இருந்தாலே போதும். பத்துச் செடிகளை நெருக்கி வைக்காமல், கண்ணை இழுக்கும் ஒன்றை முன்னிறுத்துங்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளையே வைக்கலாம். தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அதுதான். ஆடிவாக்கில் கிழங்கை ஊன்றிக் கம்பிவலை கட்டிவிட்டால், இலைநுனியாலேயே பற்றி ஏறும். மஞ்சளாக விரியும் இதழ்கள் நாளாக நாளாகச் செக்கச்செவேலென்று மாறும். ஒரே கொடியில் இரண்டு நிறமும் தெரியும். என்ன அழகு! சுற்றிலும் பச்சை இலைச்செடிகள் மட்டும் இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். முக்கியமாக, செடி முழுவதும் நஞ்சு. கிழங்கு உயிரையே வாங்கும். குழந்தைகளோ ஆடுமாடுகளோ உள்ள வீட்டில் இது வேண்டவே வேண்டாம். அங்கே அடுக்குச் செம்பருத்தி வையுங்கள்.