தலைப்புக் கோப்பு இல்லை என்று தொகுப்பி நிற்கும்போது

லினக்ஸில் இயங்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஆயத்த வடிவில் கிடைத்தாலும், புதிய பதிப்பு உடனே வேண்டுவோரும் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள விரும்புவோரும் மூலநிரலைப் பெற்றுத் தாமே தொகுத்துக்கொள்கின்றனர். சி மொழியில் எழுதப்பட்டவற்றை அவ்வாறு தொகுக்கையில் அடிக்கடி எதிர்ப்படும் தடங்கல், குறிப்பிட்ட பெயருடைய கோப்பு இல்லை என்று கூறித் தொகுப்பி, அதாவது கம்பைலர், பாதியில் நின்றுவிடுவதாகும். இதைக் கண்டதும் மென்பொருளே பழுதுடையது என்று கருதிப் பலர் கைவிடுகின்றனர். ஆனால் தேடப்பட்ட கோப்பு எது, அதை எந்த மூலக்கோப்பின் எத்தனையாவது வரி கேட்டது என்பவற்றை ஒருசேரச் சொல்லும் இச்செய்தியைப் போலப் பயனுள்ள பிழைச்செய்திகள் சிலவே.

பிறர் எழுதிய செயற்கூறு ஒன்றை ஒரு நிரல் பயன்படுத்த வேண்டுமானால், அதன் பெயரையும் அது ஏற்கும் உள்ளீடுகளின் வகையையும் திருப்பித்தரும் மதிப்பின் வகையையும் தொகுப்பி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இவ்வறிவிப்புகளைத் திரட்டிவைக்கும் கோப்பே ஹெடர் எனப்படும் தலைப்புக் கோப்பு; செயற்கூறுகளின் இயங்குநிரலோ லைப்ரரி எனும் நூலகக் கோப்பில் தனியே இருக்கிறது. குழப்பம் பெரும்பாலும் இப்பிரிவிலிருந்தே பிறக்கிறது.

ஷான்-லூ கையியும் மார்க் ஆட்லரும் 1995-இல் வெளியிட்ட இசட்லிப் என்னும் தரவுச் சுருக்க நூலகம் இதற்கு நல்ல சான்று. பிஎன்ஜி படங்களைத் திறக்கும் நிரல்கள் உட்படப் பலவும் அதை நம்பியிருப்பதால் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் அது ஏற்கெனவே இருக்கும். எனினும் தொகுக்கும்போது ‘இசட்லிப்.எச்’ இல்லை என்ற செய்தி வரும். நிரல்களை இயக்குவோருக்குத் தலைப்புக் கோப்புகள் வேண்டியதில்லை என்பதால், லினக்ஸ் வழங்கல்களான டெபியனும் உபுண்டுவும் அவற்றைப் பெயரின் இறுதியில் ‘டெவ்’ என வரும் தனிப் பொதியிலும், ஃபெடோரா ‘டெவல்’ என முடியும் பொதியிலும் பிரித்து வைத்துள்ளன. ஆர்ச் லினக்ஸ் பெரும்பாலும் இரண்டையும் ஒரே பொதியில் தருகிறது. எந்தப் பொதியில் எந்தக் கோப்பு உள்ளது என்பதை டெபியன் வழியினவற்றில் ‘ஆப்ட்-ஃபைல்’ என்ற கருவியும், ஃபெடோராவில் ‘டிஎன்எஃப்’ என்ற பொதி மேலாளரும் தேடிச் சொல்லிவிடும் என்பதால் பெயரை ஊகித்து அலைய வேண்டியதில்லை.

கோப்பு இருந்தும் தொகுப்பியின் கண்ணில் படாத நேர்வுகளும் உண்டு. எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப் நூலகத்தின் ‘எஃப்டி2பில்ட்.எச்’, வழக்கமான ‘இன்க்ளூட்’ அடைவுக்குள் ‘ஃப்ரீடைப்2’ என்ற உள்ளடைவில் இருப்பதால், அவ்விடத்தைத் தனியே சுட்டாவிட்டால் தேடல் தோற்கும். சுட்டவேண்டிய பாதையை ‘பிகேஜி-கான்ஃபிக்’ என்ற கருவியிடமே கேட்டுப் பெறலாம்.

இவற்றைவிடச் சிக்கலானது, தேடப்படும் கோப்பே ஒழிக்கப்பட்டிருக்கும் நிலை. குனு சி நூலகத்தின் 2.26 பதிப்பு 2017-இல் வெளிவந்தபோது, தரப்படுத்தப்படாத ‘எக்ஸ்லொகேல்.எச்’ நீக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்டு, பின்னர் திருத்தப்படாத நிரல்கள் அதை இன்றும் கேட்கின்றன. எந்தப் பொதியை நிறுவினாலும் அது வராது. மூலநிரலில் அவ்வரியை ‘லொகேல்.எச்’ என்று மாற்றுவதே தீர்வு. ஆனால் மேக், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றில் பழைய கோப்பு இன்றும் தேவைப்படுவதால், மாற்றத்தை லினக்ஸுக்கு மட்டும் பொருந்துமாறு செய்வதே பொறுப்பான முறை.

இத்தகைய இடர்களில், காணாத கோப்பை இணையத்தில் எங்கிருந்தோ எடுத்து அடைவில் போட்டுவிடுவது உறுதியாகத் தவிர்க்க வேண்டிய வழியாகும். தலைப்புக் கோப்பு ஒரு பதிப்புக்கும் நூலகம் வேறொரு பதிப்புக்கும் உரியனவாக இருந்தால், தொகுப்பு தடையின்றி முடிந்துவிடும். ஆனால் தரவுக் கட்டமைப்பின் அளவை இரண்டும் வெவ்வேறாகக் கருதுவதால், இயங்கும்போது நினைவகத்தின் தவறான இடத்தில் மதிப்புகள் எழுதப்படலாம். இசட்லிப்பை ஆக்கியவர்கள் இதை முன்னுணர்ந்தே, சுருக்கத்தைத் தொடங்கும் செயற்கூறு அழைக்கப்படும்போதெல்லாம் தலைப்புக் கோப்பின் பதிப்பெண்ணும் கட்டமைப்பின் அளவும் சேர்ந்தே நூலகத்துக்குச் செல்லுமாறு அமைத்தனர். முதன்மைப் பதிப்பெண்ணோ அளவோ பொருந்தாவிடில் நூலகம் பணியைத் தொடங்காமல் பிழையெண்ணைத் திருப்பித்தருகிறது. எல்லா நூலகங்களிலும் இப்பாதுகாப்பு இல்லை. ஒருவர் முன்பு தாமே நிறுவிய பழைய நூலகத்தின் தலைப்புக் கோப்பு ‘லோக்கல்’ அடைவில் தங்கியிருந்தாலும் இதே பொருத்தமின்மை நேரலாம். ஏனெனில் லினக்ஸில் ஜிசிசி தொகுப்பி வழக்கமாக அவ்வடைவைப் பொது அடைவுக்கு முன்பே பார்க்கிறது. விரிவான வெளியீட்டைக் கேட்டால் தான் தேடும் அடைவுகளை அது வரிசைப்படி அச்சிடும் என்பதால், எந்தக் கோப்பு முந்திக்கொள்கிறது என்பதை அப்பட்டியலைக் கொண்டே கண்டறியலாம்.