புதைக்கப்பட்ட சொற்கள்: டெக்ஸாஸ் மெக்ஸிகர்களின் குடும்ப நினைவும் அரசின் ஆவணமும்

மரபைப் போற்றுவோம் என்று ஓர் அரசு சொல்லத் தொடங்கும்போது நாம் கொஞ்சம் உஷாராக வேண்டியிருக்கிறது. யாருடைய மரபு? எதைச் சேர்த்து, எதை விட்டுவிட்டு? அமெரிக்காவில் 1968 இல், லிண்டன் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது, 'ஹிஸ்பானிக் மரபு வாரம்' கொண்டுவரப்பட்டது. 1988 இல் அதை ஒரு மாதமாக நீட்டினார்கள். செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை பாட்டு, நடனம், சாப்பாடு, வண்ண உடைகள். இதில் தப்பு ஒண்ணும் இல்லை. ஆனால் கொண்டாட முடிந்தது மட்டுமே மரபு என்று ஆகிவிட்டால், கொண்டாட முடியாத நினைவுகள் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் போகும். அடுப்படியில், சாவு வீட்டில், பாட்டி பேத்திக்குத் தாழ்ந்த குரலில் சொல்வதாக அவை மிஞ்சுகின்றன. குடும்ப வரலாறு என்பது இந்த மக்களுக்கு வம்சப் பெருமை பேசும் பொழுதுபோக்கு அல்ல. அரசின் ஆவணத்துக்கு எதிரான ஓர் ஆவணம் அது.

முதலில் 'ஹிஸ்பானிக்' என்ற வகைப்பாட்டைப் பார்க்கலாம். 1930 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் 'மெக்ஸிகர்' என்பது தனி இனமாக எழுதப்பட்டது. 1940 இல் அந்த வகையைக் கைவிட்டு அவர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1970 இல் ஒரு பகுதிக் குடும்பங்களிடமும், 1980 இல் எல்லோரிடமும் ஸ்பானிய வம்சாவளியா என்ற கேள்வி தனியாகக் கேட்கப்பட்டது. ஒரே வீட்டில், ஒரே ஊரில் இருந்த ஒரு பெண் 50 வருஷத்துக்குள் மூன்று தடவை வேறு ஆளாகிவிடுகிறாள். அவள் மாறவில்லை, படிவம்தான் மாறியது.

பெயர் விஷயமும் அப்படித்தான். ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது அடுத்து. கல்யாணம் ஆனாலும் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதில்லை. அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பும்போது பெரும்பாலும் அம்மாவின் பெயர்தான் விழுந்துபோகும். யாரும் சதி செய்யவில்லை, ஒரு குமாஸ்தா தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான். நுண்ணளவில் அதிகாரம் வேலை செய்வது இப்படித்தான். பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைத் தேடிப் போகிற பேரப் பிள்ளைகள் அங்கேதான் தொலைந்துபோன பாட்டியின் பெயரைக் கண்டெடுக்கிறார்கள்.

இனி ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போவோம். டெக்ஸாஸின் மேற்கு மூலையில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் பிரெஸிடியோ என்றொரு மாவட்டம். அங்கே போர்வெனிர் என்ற சின்ன ஊர் இருந்தது. அந்த ஸ்பானியச் சொல்லுக்கு 'வருங்காலம்' என்று அர்த்தம். 1918 ஜனவரி 28 அதிகாலையில் டெக்ஸாஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவல் படையினரும் உள்ளூர்ப் பண்ணையாளர்கள் நால்வரும், ராணுவக் குதிரைப்படையினர் உடன்வர, ஊருக்குள் நுழைந்தார்கள். 15 பேரை, பெரியவர்களும் பையன்களுமாக, வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். மற்றவர்கள் ஆற்றைக் கடந்து மெக்ஸிகோவுக்கு ஓடினார்கள். செத்தவர்களை அக்கரையில்தான் புதைக்க முடிந்தது. அதாவது இந்தக் குடும்பங்களின் கல்லறைகளே வேறொரு தேசத்தில் இருக்கின்றன.

அரசுத் தரப்புக் கதையில் இவர்கள் கொள்ளையர்கள், இருட்டில் சுட்டார்கள், ரேஞ்சர்கள் திருப்பிச் சுட்டார்கள். இந்தக் கதைக்கு எதிராக முதலில் எழுதி வைத்தவர் ஹாரி வாரன் என்ற வெள்ளைக்காரப் பள்ளி ஆசிரியர். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், மெக்ஸிகப் பெண்ணை மணந்தவர். அவருடைய மாமனாரும் கொல்லப்பட்டவர்களில் ஒருவர். மறுநாள் போய்ப் பார்த்து, இறந்தவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டார். அவருடைய காகிதங்கள் ஆல்பைன் நகரின் ஸல் ராஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் ஓர் ஆசிரியர் எழுதியது மட்டுமல்ல, ஒரு மருமகனும் எழுதியது.

அந்த வருஷமே ரேஞ்சர்கள் ஐந்து பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1919 இல் ஹோஸே தோமாஸ் கனாலெஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் ரேஞ்சர்கள் மீது 19 குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார். சாட்சியம் பதிவானது, படை சுருக்கப்பட்டது. ஆனால் அந்தச் சாட்சியத் தொகுதிகள் அச்சாகவில்லை. பல பத்தாண்டுகள் வெளியார் கண்ணில் படாமல் கிடந்தன. ஆவணம் இல்லை என்பதல்ல இங்கே பிரச்சினை. இருந்தது. அதைத் திறக்கிறவர் யார் என்பதுதான் பிரச்சினை.

இடைப்பட்ட காலம் முழுக்க வீடுகள்தான் அதைத் தாங்கின. தப்பிய பிள்ளைகள் கிழவர்களாகி, தம் பிள்ளைகளிடம் சொன்னார்கள். சிலர் சாகிற வரை வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் ஒரு பதிவாகவே வாசிக்க வேண்டும். 2013 இல் சில வரலாற்று ஆய்வாளர்கள் 'மறக்க மறுப்போம்' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு முயற்சி தொடங்கினார்கள். 2016 இல் ஆஸ்டினில் உள்ள மாநில வரலாற்று அருங்காட்சியகத்தில் எல்லை வன்முறை பற்றிய கண்காட்சி நடந்தது. 2018 இல், சரியாக நூறாவது வருஷத்தில், டெக்ஸாஸ் வரலாற்று ஆணையத்தின் பலகை நடப்பட்டது. அதற்கும் உள்ளூரில் எதிர்ப்பு. பலகை நிற்பது படுகொலை நடந்த இடத்தில் அல்ல, அங்கிருந்து வெகு தூரத்தில், நெடுஞ்சாலை ஓரமாக.

அதே பிரெஸிடியோ மாவட்டத்தின் தலைநகர் மார்ஃபா. அங்கே 1909 முதல் 1965 வரை பிளாக்வெல் பள்ளி என்று மெக்ஸிகப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. ஸ்பானிஷ் பேசினால் அடி விழும். 1954 இல் ஒரு நாள், இனிமேல் ஸ்பானிஷ் பேச மாட்டோம் என்று பிள்ளைகளைத் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லி, அந்தச் சீட்டுகளைப் பெட்டிக்குள் போட்டு, 'திருவாளர் ஸ்பானிஷ்' செத்துவிட்டார் என்று கொடிக்கம்பத்தருகே புதைக்க வைத்தார்கள். பிள்ளைகளே தங்கள் தாய்மொழிக்குக் கருமாதி செய்தார்கள். மேலிருந்து ஒடுக்குவது மட்டுமல்ல, ஒடுக்கப்படுகிறவர் கையாலேயே அதைச் செய்ய வைப்பது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் என்று பூக்கோ சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் வேண்டியதில்லை.

2007 இல் அந்தப் பழைய மாணவர்கள், வயசானவர்களாக, திரும்பக் கூடினார்கள். மண்ணைத் தோண்டி ஓர் ஸ்பானிஷ் அகராதியை வெளியே எடுத்தார்கள். இடிபடவிருந்த கட்டடத்தை முன்னாள் மாணவர்களே காப்பாற்றி, வீட்டுப் புகைப்படங்களையும் பாடப்புத்தகங்களையும் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். 2022 இல் அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் கையெழுத்தானது.

குடும்ப நினைவு என்றாலே புனிதம் என்று நாம் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அதற்கும் அதன் மறைப்புகள் உண்டு. பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவில் பல குடும்பங்கள் தங்களைத் தூய ஸ்பானியர் என்று சொல்லி வந்தன. ஆனால் அங்கே ஹெனிஸரோக்கள் என்று ஒரு சமூகம் உண்டு. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் விலைக்கு வாங்கப்பட்டோ சிறைபிடிக்கப்பட்டோ ஸ்பானிய வீடுகளில் வேலையாட்களாக வளர்க்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் வாரிசுகள் அவர்கள். 1754 இல் அபிகியூ என்ற ஊரில் அவர்களுக்கு நிலமானியம் தரப்பட்டது. 2007 இல்தான் மாநிலச் சட்டமன்றம் அவர்களைப் பூர்வகுடி மக்களாக அங்கீகரித்துத் தீர்மானம் போட்டது. ஸ்பானியத் தாத்தா படம் கூடத்தில் தொங்கும், பூர்வகுடிப் பாட்டியின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. 'ஹிஸ்பானிக்' என்ற சொல்லே ஸ்பெயினை முன்னால் நிறுத்தி அவளைப் பின்னால் தள்ளுகிற சொல். ஆக, அரசின் ஆவணத்தைச் சந்தேகிக்கிற அதே கண்ணால் வீட்டு ஆல்பத்தையும் பார்க்கணும்.

அப்படியானால் பாதுகாப்பது என்றால் என்ன? இரண்டு குடும்பப் பெயர்களையும் எழுதுவது. யார் சொன்னார், எப்போது சொன்னார், யாரிடமிருந்து கேட்டுச் சொன்னார் என்று குறிப்பது. ஒரே சம்பவத்தை அத்தை ஒரு மாதிரியும் மாமா வேறு மாதிரியும் சொன்னால், இரண்டையும் அப்படியே வைப்பது. ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றை நூலகத்திலும் வைப்பது. வீட்டிலேயே இருந்தால் ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிடும். அரசிடம் மட்டும் இருந்தால் 1919 சாட்சியங்களின் கதிதான்.

பிளாக்வெல் பள்ளி இப்போது தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது. அடி வாங்கியவர்களின் நினைவுக்கு அரசே காவலாகியிருக்கிறது. இது வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே வருகிறவர்களிடம் என்ன சொல்லப்படும், அந்தப் பெட்டியைப் புதைக்கச் சொன்னது யார் என்பதும் சொல்லப்படுமா என்பதை, அந்தச் சீட்டுகளை எழுதியவர்களும் அவர்களின் பேரப் பிள்ளைகளும் கூட இருந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.