பிரீஅல்ஜீப்ரா: எட்டாம் வகுப்புக் கணக்கு, கல்லூரி வேகம்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் நர்சிங், அக்கவுண்டிங் என்று எதைப் படிக்கச் சேர்ந்தாலும் வழியில் ஒரு கணக்குப் பாடம் காத்திருக்கும். பள்ளிப் படிப்பை விட்டுப் பல வருஷம் ஆனவர்களை அந்த வரிசையின் கீழ்ப்படியில் நிறுத்துவார்கள். அதன் பெயர் பிரீஅல்ஜீப்ரா, அதாவது இயற்கணிதத்துக்கு முந்தைய கணக்கு. இதில் தோற்பவர்களில் பலருக்குக் கணக்கு வராமல் இல்லை. தெரிந்த கணக்குதானே என்று கையை நனைக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருஷப் படிப்பு தரும் பொதுக் கல்லூரி. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கியதுதான் இன்றும் நடக்கிற இப்படிப்பட்ட பொதுக் கல்லூரிகளில் மூத்தது. பள்ளி முடித்த யாரும் சேரலாம். கட்‑ஆஃப் கிடையாது. அதனால்தான் உள்ளே வந்ததும் ‘உனக்கு எந்தப் படி?’ என்று பார்க்கிறார்கள். அதற்கென்று பல இடங்களில் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் அக்யூபிளேசர் போன்ற பிளேஸ்மென்ட் டெஸ்ட் உண்டு. இருபது வருஷமாகப் பின்னத்தையே தொடாத ஒருவர் ஒரு பயிற்சியும் இல்லாமல் போய் அதை எழுதினால் கீழ்ப்படிதான் வாய்க்கும். பயிற்சிக் கேள்விகளைக் காலேஜ் போர்டே இலவசமாகத் தருகிறது. ஒரு வாரம் அதில் உட்கார்ந்துவிட்டுப் போவது ஒரு செமஸ்டர் பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: இந்தப் பாடம் எனக்குக் கட்டாயமா? கொலம்பியா பல்கலைக்கழகத்து டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் 2010இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. இப்படி அடிப்படைக் கணக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் அந்த வரிசை முழுவதையும் தாண்டினார்கள். ஆரம்பப் படி எவ்வளவு கீழே இருந்ததோ அவ்வளவுக்குத் தாண்டியவர்கள் குறைவு. பலர் பாதியில் தோற்கவில்லை. முதல் படிக்கோ, ஒரு படி முடித்த பிறகு அடுத்த படிக்கோ பதிவே செய்யாமல் நின்றுபோனார்கள். இப்படிப்பட்ட நிலையில்தான் ஃப்ளோரிடா 2013இல் பெரும்பாலான மாணவர்களுக்கு இந்த வகுப்புகளை விருப்பப் பாடமாக்கியது. கலிஃபோர்னியா 2017இல் சட்டம் போட்டு, பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேராகக் கல்லூரிக் கணக்கிலேயே சேர்க்கச் சொன்னது. கூடவே ஒரு துணை வகுப்பையும் அதே செமஸ்டரில் வைக்கும் முறைக்கு ‘கோரெக்விசிட்’ என்று பெயர். உங்கள் கல்லூரியில் அது இருக்கிறதா, ஊரில் வாங்கிய டிகிரியைக் காட்டினால் விலக்கு உண்டா என்றெல்லாம் பதிவு செய்வதற்கு முன்பே அட்வைசரிடம் கேட்டுவிடுங்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். பிரீஅல்ஜீப்ராவுக்குக் கட்டணம் உண்டு, டிகிரிக்கு அந்த கிரெடிட் பொதுவாகச் சேராது. மத்திய அரசின் நிதி உதவி இப்படிப்பட்ட பாடங்களுக்கும் கிடைக்கும், ஆனால் 30 செமஸ்டர் கிரெடிட் வரைதான். இவ்வளவு சொன்ன பிறகும், நெடுநாள் கணக்கை விட்டு விலகியிருந்தவருக்கு ஒரு செமஸ்டர் நிதானமாக அடித்தளம் போட்டுக்கொள்வது வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

பாடத்தில் இருப்பது என்ன? முழு எண்கள், குறை எண்கள், பின்னம், தசமம், விகிதம், சதவீதம், எளிய சமன்பாடு, கொஞ்சம் பரப்பளவும் கன அளவும். நம் ஊரில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை படித்ததுதான். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2015இல் வெளியிட்ட ‘பிரீஅல்ஜீப்ரா’ பாடநூல் இணையத்தில் இலவசம். வகுப்பு தொடங்கும் முன்பே இறக்கிவைத்துக்கொள்ளலாம். மூன்று வருஷப் பள்ளிப் பாடம் இங்கே பதினைந்து, பதினாறு வாரத்தில் ஓடும். கோடைக்கால வகுப்பென்றால் எட்டு வாரமோ அதற்கும் குறைவோ. முதல் இரண்டு வாரம் கூட்டல், பெருக்கல் என்று போகும்போது எல்லாரும் தளர்வாக உட்கார்ந்திருப்பார்கள். குறை எண்ணும் பின்னமும் வரும்போது வீட்டுப்பாடம் ஏற்கெனவே இரண்டு தவணை பாக்கி நிற்கும்.

இடறுகிற இடங்கள் சில உண்டு. அவை ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய ஒன்றேதான்.

கழித்தல் குறியை எடுத்துக்கொள்வோம். (−3)² என்றால் 9. அடைப்புக்குறி இல்லாமல் −3² என்று எழுதினால் −9. வர்க்கம் மூன்றுக்கு மட்டும்தான், குறி வெளியே காத்திருக்கிறது. அடைப்புக்குறி பார்க்க அலங்காரம்போல இருக்கும். விடை அதை நம்பித்தான் நிற்கிறது. அடுத்த வரிக்கு இறக்கி எழுதும்போது அதை விட்டுவிடுவதால்தான் பாதி மதிப்பெண் போகிறது.

பின்னத்தில் பழைய தவறு ஒன்று அழியாமல் இருக்கிறது: 1/2 + 1/3 = 2/5. மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிடுவது. விதியை நூறு முறை சொல்வதைவிட விடையை ஒரு முறை உற்றுப் பார்ப்பது மேல். 2/5 என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு எதையோ கூட்டினோம், அரையைவிடக் குறைந்துவிட்டதா? பகுதிகளை ஆறுக்குக் கொண்டுவந்தால் 3/6 + 2/6 = 5/6. விடை எந்தப் பக்கத்தில் விழ வேண்டும் என்று கணக்கைத் தொடங்கும் முன்பே உத்தேசமாகச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பரீட்சையில் சரிபார்க்கத் தனி நேரம் தேவைப்படாது.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கணக்கில் எந்தச் செயலை முதலில் செய்வது என்பதற்கு நாம் படித்த சூத்திரம் போட்மாஸ். அங்கே சொல்வது பெம்டாஸ். இரண்டும் ஒரே விதிதான், ஆனால் இரண்டையுமே எழுத்து வரிசையில் மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பெம்டாஸில் பெருக்கல் முன்னால் இருக்கிறது என்று 12 ÷ 3 × 2 என்பதில் பெருக்கலை முதலில் செய்தால் விடை 2 என்று வரும். சரியான விடை 8. போட்மாஸில் கூட்டல் முன்னால் இருக்கிறது என்று 10 − 4 + 3 என்பதில் முதலில் கூட்டினால் 3 வரும். சரியான விடை 9. பெருக்கலும் வகுத்தலும் ஒரே தகுதி, கூட்டலும் கழித்தலும் ஒரே தகுதி. எது இடப்பக்கம் முதலில் வருகிறதோ அதுவே முதலில்.

இன்னொன்று சமக்குறி. 3 + 4 = 7 × 2 = 14 என்று ஒரே மூச்சில் எழுதுகிறவர்கள் ஏராளம். கடைக் கணக்கில் இது ஓடும். கணித வகுப்பில் 3 + 4 என்பதும் 14 என்பதும் சமம் என்று எழுதியதாக ஆகிவிடுகிறது. ‘இதோ விடை’ என்ற பொருளில் சமக்குறியைப் போடுகிறவருக்குச் சமன்பாடு வரும்போது கால் தரையில் நிற்காது. அங்கே எக்ஸ் என்று எழுதுவதை இங்கே ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். 3அ − 5 = 16. இரண்டு பக்கமும் சமம் என்பதால் இரண்டு பக்கமும் 5 கூட்டுகிறோம்: 3அ = 21. இரண்டு பக்கத்தையும் 3ஆல் வகுத்தால் அ = 7. ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று நம் ஊரில் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி இதே விடையைத் தரும்தான். ஆனால் ஏன் மாறுகிறது என்று தெரியாமல் மாற்றுகிறவர், வகுத்தல் வரும்போது அதற்கும் குறியை மாற்றிவிடுவார்.

சதவீதத்துக்கு ஒரே ஒரு கணக்கு போதும். 100 டாலர் பொருளின் விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் இறக்கினால்? 120க்குப் போய் 96க்கு வருகிறது. எதில் இருபது சதவீதம் என்று கேட்கிறவருக்கு அந்த அத்தியாயத்தில் பாதி முடிந்த மாதிரி.

இனி படிக்கும் முறை. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி உழைப்பு என்பதுதான் அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கமான கணக்கு. மூன்று கிரெடிட் பாடமென்றால் வாரம் ஒன்பது மணி. வேலையும் பிள்ளைகளும் உள்ளவர்கள் இதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைப்பார்கள். சனிக்கிழமைக்கு வேறு வேலை வந்துவிடும். வகுப்பு நடந்த அன்றே நாற்பது நிமிஷமாவது அதே பாடத்தில் கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

வீட்டுப்பாடம் இப்போது மைலேப், அலெக்ஸ் போன்ற இணையதளங்களில்தான் பெரும்பாலும். வசதிதான். மைலேபில் உதவிப் பொத்தானை அழுத்தினால் கணக்கைப் படிப்படியாகப் போட்டுக்காட்டும். எண்ணை மட்டும் மாற்றி அதே மாதிரி இன்னொன்றைக் கேட்கும். பார்த்துப் பார்த்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிவிட்டு, பரீட்சைத் தாளில் உதவிப் பொத்தான் இல்லாமல் விழிப்பவர்கள் உண்டு. எனவே திரையில் எது வந்தாலும் தாளில் வரிவரியாகப் போட்ட பிறகே விடையைத் தட்டச்சு செய்யுங்கள். உதவி பார்த்துப் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று நாள் கழித்துப் புள்ளி வைத்தவற்றை மட்டும் மறுபடி, எதையும் பார்க்காமல் போடுங்கள். உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் சகாக்களும் 2013இல் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்கும் இடைவெளி விட்டுப் பயிற்சி செய்வதற்கும்தான் மேலான இடம் கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதும் வண்ணப் பேனாவால் கோடிடுவதும் கடைசி வரிசைக்குப் போயின.

கால்குலேட்டருக்குப் பல கல்லூரிகள் இந்தப் பாடத்தில் அனுமதி தருவதில்லை. வாய்ப்பாட்டைத் தூசி தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

புரொஃபசரைப் போய்ப் பார்க்க நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். ஆபீஸ் ஹவர்ஸ் என்று அவர் அறிவித்திருக்கும் நேரம் மாணவர்களுக்காகவே ஒதுக்கியது. யாரும் வராமல் அவர் தனியே உட்கார்ந்திருக்கும் நாட்கள்தான் அதிகம். ‘ஒன்றும் புரியவில்லை’ என்று போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. தவறாகப் போட்ட கணக்கை அப்படியே எடுத்துப் போய், எந்த வரியில் நின்றீர்கள் என்று காட்டுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இலவச டியூட்டரிங் மையமும் உண்டு. முதல் பரீட்சைக்கு முன்பே ஒரு முறை அங்கே போய்வந்தால் பிறகு போகத் தயக்கம் இருக்காது.

செமஸ்டர் கைமீறிப் போகிறது என்று தோன்றினால், விலகியதை மட்டும் காட்டும் டபிள்யூ குறியோடு விலகக் கடைசித் தேதி எது என்று பாருங்கள். தோல்வியைக் குறிக்கும் எஃப் வாங்குவதைவிட அது மேல். ஆனால் நிதி உதவி வாங்குகிறவர்கள் சும்மா விலகிவிட முடியாது: எடுத்த கிரெடிட்டில் இத்தனை சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்று கல்லூரி ஒரு வரம்பு வைத்திருக்கும், பெரும்பாலும் 67. விலகிய பாடமும் எடுத்ததாகவே கணக்கில் வரும். ஆகவே முதலில் நிதி உதவி அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

பாஸ் செய்துவிட்டால் அடுத்த செமஸ்டரிலேயே அடுத்த கணக்கு வகுப்பை எடுங்கள். அடுத்த படிக்குப் பெரும்பாலும் சி கிரேடு கேட்பார்கள். ‘கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு வருஷம் தள்ளினால் குறை எண்ணிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். பதிவு எந்தத் தேதியில் திறக்கிறது என்று இறுதிப் பரீட்சைக்கு முன்பே விசாரித்துவையுங்கள். மாலை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.